கோடை வெயிலில் மேடிசன் ஆற்று டிரவுட்: ஃப்ளை ஃபிஷிங் முழு வழிகாட்டி

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓடும் மேடிசன் ஆற்றுக்கு, பொய்ப்பூச்சி கட்டி டிரவுட் மீன் பிடிக்க, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போகிறீர்கள் என்றால் பையில் முதலில் ஒரு தெர்மாமீட்டரை எடுத்து வையுங்கள். கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்குகிற சின்னது போதும். தூண்டில் கோல், பூட்ஸ், வலை எல்லாம் ஆற்றங்கரை ஊர்களில் வாடகைக்கே கிடைக்கும். எத்தனை மணிக்குத் தொடங்கலாம், எங்கே நிற்கலாம், எப்போது கரை ஏற வேண்டும் என்ற மூன்று முடிவையும் கோடையில் தெர்மாமீட்டர்தான் எடுக்கிறது.

நான் தாமிரபரணிக் கரையில் மண்புழுவும் தக்கையுமாகக் கெண்டை பிடித்து வளர்ந்தவன். வெயில் ஏறினால் கரையில் இருப்பவனுக்குத்தான் கஷ்டம், தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு என்ன என்று நினைத்திருந்தேன். மேடிசனுக்கு முதல்முறை போன ஆகஸ்டில், மத்தியானம் மூன்று மணிக்கு, முழங்கை நீளத்தில் ஒரு பிரவுன் டிரவுட் மாட்டியது. என்னிடம் இருந்தது மெல்லிய தூண்டில் நரம்பு. அறுந்துவிடக் கூடாதே என்று ஏழெட்டு நிமிடம் அதை ஓடவிட்டு ஓடவிட்டுக் கரைசேர்த்தேன். தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தோம். விட்டவுடன் நீந்தித்தான் போனது. கொஞ்ச நேரம் கழித்து இருபது அடி கீழே, இரண்டு பாறைகளுக்கு நடுவில், வெள்ளை வயிறு மேலே தெரியக் கிடந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது செவுள் மூடி ஒரே ஒரு முறை திறந்து மூடியது. அன்று தண்ணீர் எத்தனை டிகிரி என்று எனக்குத் தெரியாது. அளக்க வேண்டும் என்பதே தெரியாது. அந்த மீனை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சூடான தண்ணீர் மீனை என்ன செய்கிறது

டிரவுட் குளிர்ந்த, ஓடுகிற தண்ணீருக்கான மீன். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆக இறங்கிவிடும். மேடிசன் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இன்னும் குறைவு. மீனின் உடலுக்குச் சூடு அதிகரிக்கும்போது தேவைப்படும் ஆக்ஸிஜனோ கூடிக்கொண்டே போகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டி மூச்சுமுட்டப் போராடினால், பிறகு தேறிவருவது அதற்குப் பெரும்பாடு.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். 10 முதல் 16 டிகிரி வரை டிரவுட் நன்றாக இரை எடுக்கும், நன்றாகத் தேறும். 18 தாண்டினால் அடிக்கடி அளக்க ஆரம்பியுங்கள். 20 டிகிரி, அதாவது 68 பாரன்ஹீட், என்பது பெரும்பாலான தூண்டில்காரர்கள் நிறுத்திக்கொள்ளும் கோடு. 25 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் நின்றால் தூண்டிலே இல்லாமலும் மீன் செத்துப்போகலாம். நான் 19-இலேயே நிறுத்திவிடுகிறேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் கடைசியாக மாட்டும் மீன், விடுபட்ட பிறகு இன்னும் சூடான தண்ணீரில்தான் தேறியாக வேண்டும். அந்த ஒரு டிகிரி அதற்காக.

ஆற்றில் எந்தத் துண்டு, எப்போது

மேடிசன் நெடுகிலும் ஒரே மாதிரி ஆறு கிடையாது. யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் ஃபயர்ஹோல், கிப்பன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் அது பிறக்கிறது. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் உள்ளிட்ட வெந்நீர் ஊற்றுகள் ஃபயர்ஹோலில் கலப்பதால் கோடையில் அந்த ஆறு டிரவுட்டுக்குத் தாங்காத சூட்டுக்குப் போய்விடும். மீன்கள் பக்கத்துச் சிற்றோடைகளின் வாயில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும். அப்படி ஒதுங்கி நிற்கும் மீன்மேல் தூண்டில் போடாதீர்கள். அதற்குப் போக வேறு இடம் இல்லை.

பூங்காவுக்கு வெளியே ஹெப்கன் அணை. அதற்குச் சற்றுக் கீழே குவேக் ஏரி. 1959 ஆகஸ்ட் 17 இரவு வந்த நிலநடுக்கத்தில் ஒரு மலைச்சரிவே இடிந்து ஆற்றை மறித்ததால் உண்டான ஏரி அது. 28 பேர் இறந்தார்கள். பட்டுப்போன மரங்கள் இன்னும் தண்ணீருக்கு நடுவே நிற்கின்றன. இந்த ஏரியிலிருந்து என்னிஸ் ஊர் வரை சுமார் 50 மைல் தூரத்துக்கு ஆறு பெரிய மடு எதுவும் இல்லாமல் கற்கள்மேல் சலசலத்தே ஓடுகிறது. கோடையில் நீங்கள் நிற்க வேண்டிய இடம் இதுதான், அதிலும் மேல்பாதி. கல்லில் மோதி உடையும் தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துக்கொள்வதால் மீனுக்கு மூச்சு கிடைக்கிறது.

என்னிஸுக்குக் கீழே ஓர் ஆழமற்ற ஏரி. தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் போல அது வெயிலில் சூடாகி, கீழ் மேடிசனுக்குள் இறங்குகிறது. பேர் டிராப் பள்ளத்தாக்கு வழியாக திரீ ஃபோர்க்ஸ் போய், ஜெஃபர்சன், காலட்டின் ஆறுகளோடு கூடி மிசௌரியாக மாறும் வரை அந்தத் துண்டை ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை டிரவுட்டுக்காக நான் எட்டிப் பார்ப்பதில்லை. வசந்தத்திலும் அக்டோபரிலும் அருமையான இடம். கோடையில் அங்கே டயர் டியூப் போட்டு மிதப்பவர்களின் ராஜ்ஜியம். அது அவர்களுக்கே இருக்கட்டும்.

முந்தின இரவு செய்ய வேண்டியது

மொன்டானாவில் ஒரு நீர்ப்பகுதியின் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து 73 பாரன்ஹீட்டை, கிட்டத்தட்ட 23 செல்சியஸை, தொட்டால் மாநில மீன்-வனவிலங்குத் துறை பொதுவாக ‘ஹூட் அவுல்’ கட்டுப்பாடு கொண்டுவரும். மத்தியானம் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிக்கக் கூடாது. நிலைமை மோசமானால் நாள் முழுக்கவே மூடிவிடுவார்கள். துறையின் இணையதளத்தில் எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். தூங்கும் முன் ஒருமுறை, கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் நீர் அளவீட்டுப் பக்கம். ஆற்றில் பல இடங்களில் கருவி வைத்து நீரோட்டத்தையும், சில இடங்களில் வெப்பத்தையும் உடனுக்குடன் போடுகிறார்கள். மேட்டூர் அணைச் செய்தியில் கேட்டுப் பழகிய அதே ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ கணக்குதான். வெப்ப வரைபடத்தைக் கவனமாகப் பாருங்கள். அலை போல ஏறி இறங்கும். பள்ளம் விடியற்காலையில் இருக்கும், முகடு மாலை நான்கிலிருந்து ஆறு மணிக்குள். நேற்றைய கோடு எந்த மணிக்கு 19-ஐத் தொட்டது என்று குறித்துக்கொண்டால் நாளைக்கு உங்கள் கடைசி மணி ஏறக்குறைய அதுதான்.

உரிமம் விஷயம் சுருக்கமாக: மொன்டானாவுக்கு வெளியிலிருந்து வருகிறவருக்கு இயற்கைப் பாதுகாப்பு உரிமம், மீன்பிடி உரிமம், அயல் நீர்வாழ் உயிரினத் தடுப்புக்கான பாஸ் என மூன்றும் வேண்டும். யெல்லோஸ்டோனுக்குள் மாநில உரிமம் செல்லாது, பூங்காவின் அனுமதிச்சீட்டைத் தனியாக வாங்க வேண்டும். பாலம் போன்ற பொது வழியில் ஆற்றில் இறங்கிவிட்டால், வழக்கமான உயர்நீர்க் கோட்டுக்கு, அதாவது ஆறு வழக்கமாக நிரம்பி ஓடும்போது தண்ணீர் தொடும் கோட்டுக்கு, கீழே நடந்து போக மாநிலச் சட்டம் எல்லோருக்கும் உரிமை தருகிறது. கரை தனியார் நிலமாக இருந்தாலும் சரி. கோட்டைத் தாண்டி மேலே ஏறிவிடாதீர்கள்.

கருவிகள்

ஃப்ளை ஃபிஷிங் புதிது என்றால் ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. தடித்த கயிற்றின் கனம்தான் பூச்சியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தக் கயிற்றின் நுனியில் மெலிந்துகொண்டே போகும் 9 அடி நரம்பு, அதன் முனையில் பூச்சி.

9 அடி நீளமுள்ள 5-ஆம் எண் கோல் மேடிசனுக்குச் சரியாக இருக்கும்; கோல் எறியும் கயிற்றின் கனத்தைத்தான் அந்த எண் சொல்கிறது. பெரிய வெட்டுக்கிளிப் பூச்சிகளை எறிய 6-ஆம் எண் இன்னும் சௌகரியம். முனை நரம்பைக் கோடையில் தடிமனாகவே வையுங்கள்: 3 எக்ஸ் அல்லது 4 எக்ஸ். எண் சிறிதானால் நரம்பு தடிக்கும். மீன் நரம்பைப் பார்த்துவிடும் என்று 6 எக்ஸ் போடச் சொல்பவர்கள் உண்டு. துள்ளி ஓடும் தண்ணீரில் மீனுக்கு யோசிக்க ஒரு விநாடிதான் கிடைக்கிறது, நரம்பைப் பார்த்துக்கொண்டிருக்காது. தடித்த நரம்பு இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் கரைசேர்க்கலாம்.

வலை ரப்பரில் இருக்கட்டும், முடிச்சுப் போட்ட நைலான் வலை மீனின் வழவழப்புப் படலத்தைச் சுரண்டிவிடும். தூண்டில் முள்ளின் உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். சில மீன் நழுவும். ஆனால் மாட்டிய மீனிலிருந்து முள்ளை இரண்டு விநாடியில் எடுத்துவிடலாம். வெயில் நாளில் ஒரே நரம்பில் இரண்டு பூச்சி கட்டுவதையும் நான் விட்டுவிட்டேன். இரண்டாவது முள் வலையிலோ மீனின் துடுப்பிலோ சிக்கி, எடுக்கிற நேரத்தைத் தின்றுவிடுகிறது.

விடியற்காலை: அளந்த பிறகு முதல் வீச்சு

ஜூலையில் அங்கே ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடும். அந்நேரம் ஆற்றங்கரையில் நில்லுங்கள். திரீ டாலர் பாலம் எனக்குப் பிடித்த இடம். முன்பு அந்த நிலத்துக்காரர் வண்டி நிறுத்த மூன்று டாலர் வாங்கியதால் வந்த பெயர். அங்கிருந்து மேலே ரெய்னால்ட்ஸ் பாஸ் பாலம் வரைக்கும், கீழே லயன்ஸ் பாலம் வரைக்கும் நடந்தே மீன்பிடிக்கலாம். குவேக் ஏரி முதல் லயன்ஸ் பாலம் வரை படகில் இருந்தபடி தூண்டில் போடத் தடை இருப்பதால் கரைவாசிக்கு நிம்மதி.

கோலைச் சேர்க்கும் முன் தெர்மாமீட்டரை இறக்குங்கள். கரையோரம் தேங்கிய தண்ணீரில் வேண்டாம், அது பொய் சொல்லும். முழங்கால் ஆழத்தில், ஓடுகிற நீரில், உங்கள் நிழல் விழும் பக்கம் இரண்டு நிமிடம் பிடித்து, தண்ணீருக்குள் இருக்கும்போதே எண்ணைப் படியுங்கள். விடிகாலையிலேயே 18 காட்டினால் அன்றைக்கு மூட்டையைக் கட்டிவிடலாம், இரவு முழுக்க ஆறு குளிரவில்லை என்று அர்த்தம்.

எண் சரியாக இருந்தால் உடனே தண்ணீருக்குள் இறங்கிவிடாதீர்கள். மேல் மேடிசனில் விடிகாலை மீன் கரையை ஒட்டி, ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் நேராக நடு ஆற்றுக்கு நடந்து போய், தாங்கள் பிடிக்க வேண்டிய மீனை மிதித்து விரட்டிவிட்டு, வெறும் நடு ஆற்றில் கோலை வீசிக்கொண்டிருப்பார்கள். கரையில் நின்று, கீழிருந்து மேலாக, ஓரத்தில் நான்கு வீச்சு போட்டுவிட்டு அப்புறம் கணுக்கால் ஆழத்துக்குப் போங்கள்.

அடுத்ததாகப் பாறைகள். பாறையின் பின்னால் சுழியும் அமைதியான இடம் எல்லோர் கண்ணிலும் படும். பாறைக்கு முன்னாலும், தண்ணீர் மோதித் திரும்பும் இடத்தில், ஒரு மெத்தை போல ஓட்டம் தளர்ந்திருக்கும். பெரிய மீன் பல நேரம் அங்கேதான் நிற்கிறது. வெயில் ஏற ஏற மீன்கள் இன்னும் வேகமான, வெள்ளை நுரை தெரியும் ஆழம் குறைந்த ஓட்டத்துக்கு நகரும். அங்கே ஆக்ஸிஜன் அதிகம்.

வீச்சு நீளமாக வேண்டாம். 20 முதல் 30 அடி போதும். கோலைப் பின்னால் கொண்டுபோய்க் காதோரம் நிறுத்தி, கயிறு பின்பக்கம் முழுசாக நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, முன்னால் தள்ளி நிறுத்துங்கள். தோள் பலம் தேவையில்லை, அந்த நிறுத்தம்தான் வேலை செய்கிறது. பூச்சி தண்ணீரில் விழுந்ததும், உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஓடும் வேகமான ஓட்டம் கயிற்றை இழுத்து, பூச்சியைப் படகு மாதிரி கோடு கிழிக்க வைக்கும். அப்படிப் போகும் பூச்சியை டிரவுட் தொடாது. கோலை உயர்த்தி முடிந்த அளவு கயிற்றைத் தண்ணீருக்கு மேலே வைத்திருங்கள், படிந்து கிடக்கும் கயிற்றை மெல்லத் தூக்கி மேல்நீர்ப் பக்கம் போடுங்கள். இலை மிதந்து போவதுபோல் பூச்சி போக வேண்டும். ஒரு பாறைக்கு ஒழுங்கான நான்கு மிதப்பு போதும். அடுத்த பாறைக்கு நகருங்கள்.

எந்தப் பூச்சி? ஜூன் கடைசி, ஜூலை ஆரம்பத்தில் சால்மன்ஃப்ளை என்ற விரல் நீளப் பூச்சி புறப்படும். நம் ஊரில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். கரைப் புதரெல்லாம் அதுவே தொங்கிக்கொண்டிருக்கும். ஜூலையில் கேடிஸ், வெளிர்மஞ்சள் மே ஈ என்ற நீர்ப்பூச்சிகள். மீன் மேலே வராதபோது ஃபெசன்ட் டெய்ல் போன்ற சிறு பொய்ப்புழுவை அடியோட்டத்தில் விடுங்கள். ஆகஸ்டில் எறும்பும் வெட்டுக்கிளியும். வெட்டுக்கிளி வெயில் ஏறிக் காற்று வீசும் நேரத்தில்தான் ஆற்றில் விழும், தண்ணீரும் சூடாகும் நேரம் அது. அதனால் நான் எறும்பையே அதிகம் நம்புகிறேன். கறுப்பு எறும்பை எந்தக் காலைப் பொழுதிலும் மீன் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. ஆகஸ்டில் கரையோரம் ஃபர் மரங்கள் அடர்ந்த இடமாகப் பார்த்தால் மரத்திலிருந்து வெளிர்பழுப்பு அந்துப்பூச்சிகள் காலையிலேயே தண்ணீரில் உதிர்வதைக் காணலாம். கோடைத் தூண்டில்காரனுக்கு ஆறு தரும் கொடை அது.

மாட்டிய பிறகு

மீன் பிடிப்பதைவிட விடுவதற்குத்தான் வெயிலில் பழக்கம் தேவை. மாட்டியதும் கோலைச் செங்குத்தாகத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பக்கவாட்டில் தாழ்த்தி, மீனின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் இழுங்கள். மீன் கீழ்நோக்கி ஓடினால் நீங்களும் கரையோரம் இறங்கி நடந்து, மீனுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ வந்துவிடுங்கள். ஓட்டத்தை எதிர்த்து இழுத்தால் மீனோடு ஆற்றின் பாரத்தையும் சேர்த்து இழுக்கிறீர்கள், நிமிடங்கள் அதில்தான் போகின்றன. இரண்டு நிமிடத்தில் வலைக்குள் வர வேண்டும். நீளுமானால் துணிந்து அழுத்தம் கொடுங்கள். நரம்பு அறுந்து மீன் தப்பினால் தப்பட்டும்.

வலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், மீன் அதில் நீந்திக்கொண்டிருக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு, அடிவயிற்றைத் தாங்கி, முள்ளைக் குறட்டால் எதிர்த்திசையில் தள்ளினால் வந்துவிடும். செவுளுக்குள் விரல் போகவே கூடாது.

படம் பற்றி. 1992-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரெயின்போ டிரவுட்டுகளைக் களைக்கும்வரை நீந்தவைத்துப் பார்த்தார்கள். களைத்த பிறகு தண்ணீரிலேயே விடப்பட்டவற்றில் 12 சதவீதம் 12 மணி நேரத்துக்குள் இறந்தன. 30 விநாடி வெளியே வைத்தவற்றில் 38 சதவீதம். ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 சதவீதம். எல்லாம் விட்டபோது நீந்திப் போன மீன்கள் போலத்தான் தெரிந்திருக்கும், என்னுடைய பிரவுன் டிரவுட் மாதிரி. அதனால் கோடையில் படம் வேண்டுமென்றால் தண்ணீருக்குள் இருக்கும் மீனை மேலிருந்து எடுங்கள். புள்ளிகள் நீருக்குள்தான் அழகாகவும் தெரியும்.

விடும்போது மீனின் முகம் மேல்நீரைப் பார்க்கட்டும். மிதமான ஓட்டத்தில், அடிவாலையும் வயிற்றையும் மெல்லத் தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், தண்ணீர் வாய் வழியாகச் செவுளுக்குப் போவதுதான் சரியான திசை. வால் தானாக உதறிக்கொள்ளும்வரை பொறுங்கள். இரண்டு நிமிடம் ஆனாலும் பொறுங்கள்.

கரை ஏறும் நேரம்

பத்து மணிக்கு மேல் அரை மணிக்கு ஒருமுறை அளங்கள். 19 வந்தால் கோலைப் பிரித்துவிடுங்கள். அந்நேரம் மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

பலரும் தவறிவிடும் ஓர் இடம் உண்டு. காலையில் நிறுத்திவிட்டு, வெயில் தாழ்ந்ததும் ஏழு மணிக்குக் குளிர்காற்று வீச ஆரம்பிக்கும்போது திரும்ப வருவார்கள். காற்று குளிர்ந்திருக்கும், தண்ணீர் குளிர்ந்திருக்காது. நாள் முழுக்க வாங்கிய சூட்டை ஆறு இரவு முழுக்க மெதுவாகத்தான் விடும். சூரியன் மறையும் நேரத்திலும் அது காலை பதினொரு மணி வெப்பத்தைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஹூட் அவுல் தடை மாலையோடு முடியாமல் நள்ளிரவு வரை நீள்வதற்குக் காரணம் இதுவே.

ஆறு மூடியிருந்தால் மலையேறுங்கள். மேடிசன் மலைத்தொடரில் உயரத்தில் இருக்கும் ஏரிகளும் அவற்றிலிருந்து வழியும் ஓடைகளும் ஆகஸ்டிலும் கைவிறைக்கும் குளிர். மீன் சிறியது, வழி செங்குத்து, கூட்டம் கிடையாது. கிரிஸ்லி கரடி நடமாடும் நாடு என்பதால் கரடி ஸ்பிரே இடுப்பிலேயே தொங்க வேண்டும், பைக்குள் இருந்தால் பயனில்லை.

உங்கள் உடம்பையும் பாருங்கள். உயரமும் வறண்ட காற்றும் சேர்ந்து தாகம் தெரியாமலே உடம்பை உலர்த்திவிடும். அரை நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மேடிசன் கற்கள் பாசி படிந்து உருண்டையாக இருப்பதால் ஊன்றுகோல் அவசியம், முழங்காலுக்கு மேல் இறங்கத் தேவையும் இல்லை. மத்தியானம் இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைவிட்டு விலகுங்கள். கிராஃபைட் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

அறைக்குத் திரும்பியதும் பூட்ஸின் மண்ணைக் கழுவி, வெயிலில் முழுசாகக் காயவையுங்கள். ஓர் ஆற்றின் நத்தையும் நோயும் அடுத்த ஆற்றுக்குப் போவது ஈர பூட்ஸில்தான். டிரவுட் குஞ்சுகளைச் சுழலவைத்துக் கொல்லும் ஒட்டுண்ணி நோய் 1994-இல் மேடிசனில் கண்டுபிடிக்கப்பட்டது, ரெயின்போ டிரவுட் எண்ணிக்கை அப்போது கடுமையாகச் சரிந்தது.

கடைசியாக, பூட்ஸ் காய்கிற நேரத்தில் நோட்டில் எழுதிவிடுங்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: ‘ஆகஸ்ட் 9. திரீ டாலர் பாலம். 6.10 மணி, 15.5 டிகிரி. கறுப்பு எறும்பு. கரையோரம் இரண்டு பிரவுன், பெரிய பாறைக்கு முன்னால் ஒரு ரெயின்போ. 10.30 மணி, 18. 11.15 மணி, 19. கரை ஏறியாச்சு.’